பழைய கடற்படைப் படங்களும் சரிகைப் பட்டைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமான ஸ்குவாட்ரன் ஒன்றின் குழுப்படம் இருக்கிறது. மூன்று வரிசைகளில் ஏறத்தாழ முப்பது பேர். பின்னால் இறக்கை மடித்த ஒரு விமானம். படத்தின் பின்புறம் ‘1943’ என்று பென்சிலில் எழுதியிருப்பதைத் தவிர வேறு குறிப்பில்லை. முன்வரிசையின் நடுவில் அமர்ந்திருப்பவருக்குக் கையில் இரண்டு சரிகைப் பட்டைகள் தெரிகின்றன. அவருக்கு அடுத்து இருப்பவருக்கும் இரண்டுதான். வரிசையின் ஓரத்தில் எல்லோரையும்விட மூத்தவராகத் தெரிபவருக்கு ஒரே ஒரு மெல்லிய பட்டை. பின்வரிசையில் ஓர் இளைஞருக்குப் பட்டையே இல்லை, காலரில் மட்டும் ஏதோ ஒரு துண்டு தைத்திருக்கிறது. இவர்களில் தளபதி யார், மற்றவர்களின் பதவிகள் என்ன என்று அறிய முடியுமா? பெரிதாக்கிய நகலை இணைத்துள்ளேன்.

பதில்: முடியும். ஆனால் ‘பதவி என்ன’ என்ற உங்கள் ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் கடற்படையின் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது ஒன்று. அவருடைய பதவிநிலை என்ன என்பது இன்னொன்று. அந்த ஸ்குவாட்ரனில் அவர் வகித்த பொறுப்பு என்ன என்பது மூன்றாவது. பட்டையின் வடிவம் முதலாவதற்கும், பட்டைகளின் எண்ணிக்கை இரண்டாவதற்கும் விடை தரும். மூன்றாவதற்கு உடையில் விடை கிடையாது. அதற்குப் படத்தில் அவர் அமர்ந்திருக்கும் இடமும் ஆவணங்களுமே துணை. குழுப்படங்களை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் நடுவில் இருப்பவருக்கு ஒரு பதவியைத் தாங்களாகவே சூட்டிவிடுகிறார்கள்.

பட்டைகளை எண்ணுவதற்கு முன், படம் நேராகத்தான் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய நெகட்டிவைப் புரட்டிவைத்து அச்சிட்டுவிட்டால் இடம் வலமாகிவிடும். கடற்படை அதிகாரிகளின் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மூடும். பதக்க ரிப்பன்கள் இடது மார்பில் இருக்கும். விமானியின் பொன்னிற இறக்கைச் சின்னம் இடது கையில், பட்டைகளுக்கு மேலே இருக்கும். உங்கள் நகலில் மூன்றும் சரியாகவே உள்ளன.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு பட்டை இருந்தால் சப்-லெப்டினன்ட்; இரண்டு இருந்தால் லெப்டினன்ட்; இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய ஒன்று இருந்தால் (‘இரண்டரைப் பட்டை’) லெப்டினன்ட் கமாண்டர்; மூன்று கமாண்டர்; நான்கு கேப்டன். அதற்கு மேல் உள்ள கொமடோருக்கும் அட்மிரல்களுக்கும் மிக அகலமான ஒரு பட்டை உண்டு. எல்லாவற்றிலும் மேலேயுள்ள பட்டை ஒரு சுருள்வளையமாக முடியும். ஸ்குவாட்ரன் படத்தில் கமாண்டருக்கு மேற்பட்டவரைக் காண்பது அரிது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெரும்பாலும் விமானத்தளத்திலிருந்தோ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தோ அந்த நாளில் விருந்தினராக வந்து அமர்ந்தவராக இருப்பார். அவரைத் தொப்பியை வைத்தும் பிரித்துவிடலாம்: கமாண்டருக்கும் கேப்டனுக்கும் தொப்பியின் முன்விளிம்பில் பொன்னிற இலைவேலைப்பாடு ஒரு வரிசை இருக்கும், லெப்டினன்ட் கமாண்டரும் அவருக்குக் கீழுள்ளவர்களும் அணியும் தொப்பியின் முன்விளிம்பு வெறும் கறுப்பு. உங்கள் படத்தில் இலைவேலைப்பாடு உள்ள தொப்பி ஒன்றுகூட இல்லை. ஆகவே கமாண்டரோ கேப்டனோ அங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நடுவில் இருப்பவர் லெப்டினன்ட் கமாண்டர். இரண்டு பட்டைகள்தானே தெரிகின்றன என்று கேட்பீர்கள். பழைய படங்களில் அந்த நடு மெல்லிய பட்டை முதலில் மறைந்துவிடும். அதன் அகலம் கால் அங்குலம்தான். அதனால் பட்டைகளை எண்ணுவதைவிட அவற்றுக்கு இடையேயுள்ள வெளியை அளப்பதே நம்பகமான வழி. முழுப் பட்டை ஒன்றின் அகலம் 9/16 அங்குலம். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே ஏறத்தாழ கால் அங்குலம் விடுவார்கள். லெப்டினன்ட்டின் கையில் இரண்டு பட்டைகளுக்கு இடையேயுள்ள வெளி ஒரு பட்டையின் அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும். லெப்டினன்ட் கமாண்டரின் கையிலோ நடுவில் ஒரு மெல்லிய பட்டையும் அதன் இருபுறமும் இடைவெளியும் இருப்பதால், நடுப்பட்டை கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், இரு முழுப் பட்டைகளுக்கு இடையேயுள்ள தூரம் ஒரு பட்டையின் அகலத்தைவிட அதிகமாகிவிடும். உங்கள் நகலில் நடுவில் இருப்பவரின் பட்டைகள் அப்படித்தான் விலகி நிற்கின்றன. அவருக்கு அடுத்திருப்பவரின் பட்டைகள் நெருங்கி நிற்கின்றன. முன்னவர் லெப்டினன்ட் கமாண்டர், பின்னவர் லெப்டினன்ட். நேராகத் தெரியும் கையை மட்டும் அளந்து பாருங்கள். கை மடங்கி இருந்தால் துணியின் சுருக்கம் இந்த விகிதத்தைக் கெடுத்துவிடும்.

கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்க்காலத்தில் சரிகையைச் சிக்கனப்படுத்துவதற்காக, கையைச் சுற்றி முழுவதுமாகத் தைக்காமல் வெளிப்புறப் பாதியில் மட்டும் பட்டையைத் தைப்பது வழக்கமாயிற்று. ஆகவே கையின் உட்புறம் மட்டும் கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால், முழு அதிகாரி ஒருவரும் பட்டையே இல்லாதவராகத் தோன்றுவார். உங்கள் படத்தில் முன்வரிசையில் இடமிருந்து மூன்றாமவர் அப்படிப்பட்டவர்தான். அவருடைய தொப்பிச் சின்னமும் கோட்டும் அவரை அதிகாரி என்றே காட்டுகின்றன. அவருடைய பதவிநிலையைப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முயல வேண்டாம்.

ஓரத்தில் இருக்கும் மூத்தவர் வாரன்ட் அதிகாரி. சப்-லெப்டினன்ட்டின் ஒற்றைப் பட்டைக்கும் வாரன்ட் அதிகாரியின் ஒற்றைப் பட்டைக்கும் வேறுபாடு அகலத்தில்தான் இருக்கிறது: பின்னது கால் அங்குலம். மாலுமியாகச் சேர்ந்து, நீண்ட காலம் பணிபுரிந்து, தொழில்திறத்தால் அந்த இடத்துக்கு உயர்ந்தவர்கள் அவர்கள். எனவே முன்வரிசையில் இருபத்திரண்டு வயது லெப்டினன்ட்டுகளுக்குப் பக்கத்தில், நாற்பதைத் தாண்டிய ஒருவர் ஒற்றை மெல்லிய பட்டையோடு அமர்ந்திருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. வயதை வைத்துப் பதவியை ஊகிப்பது கடற்படை விமானப் பிரிவின் படங்களில் அறவே பயன்படாது. போர்க்காலத்தில் அங்கே தளபதிகளில் பலரே முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருந்தார்கள்.

காலரில் துண்டு தைத்த இளைஞர் மிட்ஷிப்மேன். சப்-லெப்டினன்ட் ஆவதற்குரிய வயதை எட்டாத விமானிகள் இந்தப் பதவியில் இருந்தார்கள். காலர்த் துண்டின் நிறம் நிரந்தரக் கடற்படையினருக்கு வெள்ளை, வணிகக் கப்பல்களிலிருந்து வந்த ரிசர்வ் படையினருக்கு நீலம், தன்னார்வ ரிசர்வ் படையினருக்கு அடர்சிவப்பு. உங்கள் நகலில் அந்தத் துண்டு கோட்டின் நிறத்திலேயே ஏறத்தாழ கரைந்துவிட்டது. வெள்ளையாக இருந்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். அடர்சிவப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்து பட்டையின் வடிவத்துக்கு வருகிறோம். உருப்பெருக்கி ஒன்றை வைத்துப் பின்வரிசையினரின் பட்டைகளைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் நிரந்தரக் கடற்படை. அலைபோல நெளிந்து சென்றால் 1903-இல் தொடங்கப்பட்ட தன்னார்வ ரிசர்வ் படை. இரண்டு மெல்லிய சரிகைகள் பின்னல்போல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சென்றால் 1859-இல் தொடங்கப்பட்ட ரிசர்வ் படை. போரின் பிற்பகுதியில் கடற்படை விமானிகளில் பெரும்பாலோர் தன்னார்வ ரிசர்வ் படையினரே என்பதால், 1943-ஆம் ஆண்டுப் படத்தில் அலைப்பட்டைகள் மிகுந்திருப்பது இயல்பு. சுருள்வளையத்துக்குள் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், விமானப் பணிக்கென்றே சேர்க்கப்பட்ட அதிகாரி என்று பொருள். இந்த வடிவ வேறுபாடுகள் 1951-இல் நீக்கப்பட்டன. எனவே அலைப்பட்டை உள்ள படம் அதற்குப் பிற்பட்டதாக இருப்பது அரிது. அலைப்பட்டை அணிந்தவர் நேர்ப்பட்டை அணிந்தவரைவிடப் பதவியில் தாழ்ந்தவர் என்று கருதுவது தவறு. வடிவம் எந்தப் பிரிவு என்பதைச் சொல்லும். எண்ணிக்கைதான் பதவியைச் சொல்லும்.

பட்டைகளுக்கு இடையே வண்ணத் துணி வைத்துத் தைத்திருந்தால் அவர் விமானி அல்லர், வேறு தொழிற்பிரிவினர்: மருத்துவருக்குச் சிவப்பு, பொறியாளருக்கு ஊதா, கணக்கு மற்றும் சம்பளப் பிரிவினருக்கு வெள்ளை, தன்னார்வப் படையின் சிறப்புப் பிரிவினருக்குப் பச்சை. கறுப்பு-வெள்ளைப் படத்தில் வெள்ளையைத் தவிர மற்றவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். அதிலும் சிவப்பு ஒளியை உணராத பழைய வகைப் பிலிம் ஒன்று அக்காலத்தில் புழக்கத்தில் இருந்தது. அதில் சிவப்பு ஏறத்தாழ கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். மருத்துவரின் சிவப்புத் துணி அதில் கோட்டோடு கலந்து, அவரும் மற்ற லெப்டினன்ட்டுகளைப் போலவே காட்சியளிப்பார். இறக்கைச் சின்னம் இல்லாத ஒருவரை உடனே விமானி என்று எழுதிவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதக்க ரிப்பன்களிலும் இதே தொல்லை உண்டு. சிவப்பு நடுவும் நீல ஓரங்களும் கொண்ட ‘டி.எஸ்.ஓ.’ (சிறப்புச் சேவை ஆணை) விருதின் ரிப்பன் அந்தப் பிலிமில் கறுப்பு நடுவும் வெளிறிய ஓரங்களுமாகத் தலைகீழாகத் தெரியும். ஆனால் கருநீலம், வெள்ளை, கருநீலம் என்று சம அகலத்தில் அமைந்த ‘டி.எஸ்.சி.’ (சிறப்புச் சேவைச் சிலுவை) விருதின் ரிப்பனில் வெள்ளை நடு எந்தப் பிலிமிலும் தப்பாது. உங்கள் படத்தில் நடுவில் இருப்பவரின் மார்பில் உள்ளது அதுவே. அந்த விருதின் அறிவிப்பு ‘லண்டன் கெஸட்’ அரசிதழில் தேதியோடு வெளியாகியிருக்கும். ஸ்குவாட்ரனின் எண்ணோ விமானந்தாங்கிக் கப்பலின் பெயரோ தெரிந்துவிட்டால், அந்த அறிவிப்புகளிலிருந்து இவரை அடையாளம் காண்பது பெரிய வேலையாக இராது.

இனி பொறுப்பு. கடற்படையின் விமான ஸ்குவாட்ரன்களுக்குப் பெரும்பாலும் லெப்டினன்ட் கமாண்டர்களே தளபதிகளாக இருந்தனர். 1942 பிப்ரவரி 12-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மானியப் போர்க்கப்பல்களை எதிர்த்து ஆறே ஆறு ‘ஸ்வார்ட்ஃபிஷ்’ விமானங்களோடு சென்று உயிரிழந்த 825-ஆவது ஸ்குவாட்ரனின் தளபதி யூஜீன் எஸ்மண்டும் லெப்டினன்ட் கமாண்டர்தான். சில வேளைகளில் லெப்டினன்ட் ஒருவரும் தளபதியாக இருந்ததுண்டு. குழுப்படத்தில் நடு நாற்காலி தளபதிக்கு உரியது. அவருக்கு இருபுறமும் மூத்த விமானியும், பல இருக்கை விமானங்களைக் கொண்ட ஸ்குவாட்ரனானால் வழிகணிப்புக்குப் பொறுப்பான மூத்த ‘அப்சர்வர்’ அதிகாரியும் அமர்வது வழக்கம். ‘மூத்த விமானி’ என்பது பொறுப்பின் பெயர். பதவிநிலையின் பெயர் அல்ல. உங்கள் படத்தில் நடுவில் இருப்பவரின் உடையும் இருக்கையும் ஒரே விடையைத் தருவதால் அவரே தளபதி என்று கொள்ளலாம். இரண்டும் முரண்பட்டால் ஆவணங்களைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, படத்தின் காலத்தை நெருக்கிப் பிடிக்க ஒரு வழி. பென்சிலில் எழுதிய ஆண்டு பிற்காலத்தில் யாரோ நினைவிலிருந்து எழுதியதாகவும் இருக்கலாம். கடற்படை வெளியிட்ட ‘நேவி லிஸ்ட்’ என்னும் அதிகாரிகள் பட்டியலில் ஒவ்வொருவரும் தம் பதவியை அடைந்த நாள் குறிக்கப்பட்டிருக்கும். போர்க்காலப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தில் உள்ள இருவரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். ஒருவர் லெப்டினன்ட்டாகத் தெரிகிறார் என்றால் படம் அவர் லெப்டினன்ட் ஆன நாளுக்குப் பிற்பட்டது. மற்றவர் இன்னும் சப்-லெப்டினன்ட்டாக இருக்கிறார் என்றால் அவருடைய பதவி உயர்வுக்கு முற்பட்டது. இந்த இரு எல்லைகளுக்கு நடுவே சில மாதங்களே மிஞ்சும். அதற்குப் பின் லண்டனுக்கு அருகே கியூ என்னுமிடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில், ‘ஏ.டி.எம். 207’ என்ற வரிசையில் உள்ள ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகளைத் தேடலாம்.

கேள்வி: 1930-களில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கடற்படை விமானப் பிரிவின் படம் ஒன்றில் பாதிப்பேர் விமானப்படை உடையில் இருக்கிறார்கள். அதோடு ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் ‘லெப்டினன்ட்’ என்றும் மற்றொன்றில் ‘ஃப்ளைட் லெப்டினன்ட்’ என்றும் குறிக்கப்படுகிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். 1918 ஏப்ரல் முதல் நாள் பிரிட்டிஷ் விமானப்படை உருவானபோது கடற்படையின் விமானப் பிரிவு அதற்குள் அடங்கிவிட்டது. கப்பல்களிலிருந்து பறக்கும் பிரிவு 1924 முதல் தனிப் பெயரோடு இயங்கினாலும் அது விமானப்படைக்கு உட்பட்டதாகவே இருந்தது. 1939 மே 24-இல்தான் முழுமையாகக் கடற்படையின் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே பறந்த கடற்படை அதிகாரிகளுக்குத் தம் கடற்படைப் பதவியோடு விமானப்படைப் பதவி ஒன்றும் வழங்கப்பட்டது. விமானப்படையின் பட்டைகள் கடற்படையின் எண்ணிக்கை முறையையே பின்பற்றியவை: ஒன்று ஃப்ளையிங் ஆபீசர், இரண்டு ஃப்ளைட் லெப்டினன்ட், இரண்டரை ஸ்குவாட்ரன் லீடர், மூன்று விங் கமாண்டர். ஆனால் அவற்றில் சுருள்வளையம் இராது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் இரு படையினரையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. ஆல்பக் குறிப்பில் ‘கேப்டன்’ என்று இருப்பவரின் தோளில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தால் அவர் கடற்படைக் கேப்டன் அல்லர்; தரைப்படைப் பதவிமுறையைப் பின்பற்றும் ராயல் மரீன்ஸ் பிரிவின் கேப்டன். அவர்களிலும் விமானிகள் இருந்தார்கள். கடற்படையின் கேப்டனோ நான்கு பட்டை அணிந்த, மிக மூத்த அதிகாரி.

கேள்வி: 1905-ஆம் ஆண்டுக் கப்பற்படைப் பிரிவு ஒன்றின் அதிகாரிகள் படத்தில் இரண்டரைப் பட்டை அணிந்தவரை அடிக்குறிப்பு ‘லெப்டினன்ட்’ என்கிறது. சுருள்வளையமே இல்லாமல் மூன்று பட்டை அணிந்தவரும் அதில் இருக்கிறார். அடிக்குறிப்பு தவறா?

பதில்: தவறில்லை. எட்டு ஆண்டுப் பணிமூப்புள்ள லெப்டினன்ட்டுகளுக்கு நடுவில் மெல்லிய பட்டை 1877-இலேயே கொடுக்கப்பட்டது. ‘லெப்டினன்ட் கமாண்டர்’ என்ற பதவி 1914-இல்தான் உருவாயிற்று. ஆகவே 1914-க்கு முற்பட்ட படத்தில் இரண்டரைப் பட்டைக்காரரை லெப்டினன்ட் என்றே எழுத வேண்டும். சுருள்வளையம் இல்லாதவர் மருத்துவர், பொறியாளர், சம்பளப் பிரிவினர் போன்றவர்களில் ஒருவர். கப்பலைச் செலுத்தும் பிரிவினருக்கே உரியதாக இருந்த அந்த வளையம் பொறியாளர்களுக்கு 1915-இலும் மற்றவர்களுக்கு 1918-இலும் கிடைத்தது.

கேள்வி: வெப்பமண்டல வெள்ளை உடையில் எடுத்த படங்களில் கையில் பட்டையே இல்லையே, என்ன செய்வது?

பதில்: அதே பட்டைகள் தோள்பட்டிகளுக்கு மாறியிருக்கும். நேரெதிரே எடுத்த படத்தில் தோள்பட்டி சாய்ந்து ஒரு கீற்றாக மட்டுமே தெரிவதால் எண்ணுவது கடினம். அமர்ந்திருப்பவர்களைவிட, முன்னால் தரையில் அமர்ந்து சற்றே குனிந்திருப்பவர்களிடம் தெளிவாகத் தெரியும். இறக்கைச் சின்னமும் இந்த உடையில் இடது மார்புக்கு வந்துவிடும்.

கேள்வி: இந்தியக் கடற்படையின் பழைய ஸ்குவாட்ரன் படங்களுக்கும் இதே விதிகள் பொருந்துமா?

பதில்: எண்ணிக்கை விதி பொருந்தும், அலைப்பட்டையும் பின்னல் பட்டையும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராயல் இந்தியக் கடற்படைப் படங்களில் காணப்படும். ஆனால் அவை கப்பல்களிலும் கரைநிலையங்களிலும் எடுத்த படங்களாகவே இருக்கும். இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவு கொச்சியில் 1953-இல்தான் தொடங்கிற்று. 550-ஆவது ஸ்குவாட்ரன் 1959-இலும், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கான 300-ஆவது ஸ்குவாட்ரன் 1960-இலும் அமைந்தன. பின்னது பிரிட்டனில் அமைக்கப்பட்டது என்பதால், பிரிட்டிஷ் விமானத்தளக் கட்டடங்கள் பின்னணியில் தெரியும் இந்திய அதிகாரிகளின் படத்தைப் போர்க்காலப் படம் என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அப்போது தொப்பிச் சின்னத்தைப் பாருங்கள்: 1950 ஜனவரி 26-க்கு முன் நங்கூரத்துக்கு மேலே கிரீடம் இருக்கும்; அதற்குப் பின் அசோகச் சிங்கம்.